தந்தப் பிள்ளையாரை விற்கலாமா?

பாட்டி காலத்துத் தந்தப் பிள்ளையார் உங்கள் பூசை அறையில் இருக்கிறாரா? வைத்து வழிபடலாம், தடையில்லை. ஆனால், சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை விற்பதும் விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும் குற்றம். தேக்கா கடையானாலும் இணையமானாலும் சட்டம் ஒன்றுதான். அனுமதியின்றி ஊருக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

முன்பு, 1990க்கு முன் இறக்குமதியானது என்று நிரூபித்தால் விற்க முடிந்தது. அந்த வழியும் இப்போது அடைபட்டுவிட்டது.

ஏன் இத்தனை கண்டிப்பு? 2019 ஜூலையில், மரம் என்று அறிவிக்கப்பட்டு இவ்வழியே வியட்நாம் செல்லவிருந்த சரக்கில் 8.8 டன் தந்தம் சிக்கியது. தேசியப் பூங்காக் கழகமும் சுங்கத்துறையும் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமும் சேர்ந்து அதைப் பிடித்தன. அது ஏறத்தாழ 300 யானைகளின் தந்தம். வாங்க ஆளிருக்கும்வரை வேட்டையும் இருக்கும்.