அரித்த மண்ணில் தவறிய தங்கம்: மெட்டல் டிடெக்டர் சோதனை

ஆற்று மணலையும் சரளை மண்ணையும் நீரில் அரித்துத் தங்கம் எடுக்கும்போது அதில் ஒரு பகுதி கழிவோடு சேர்ந்து போய்விடுகிறது. அப்படித் தவறியது ஏதும் உண்டா என்று அறிய, ஒதுக்கிய கல்லையும் மண்ணையும் உலோகம் கண்டறியும் கருவியால் (மெட்டல் டிடெக்டர்) மீண்டும் சோதிப்பது ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வழக்கத்தில் உள்ள முறையாகும். இக்கருவி எந்தத் தங்கத்தைக் காட்டும், எதைக் காட்டாது, விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இதனால் பயன் உண்டா என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தங்கம் தவறுவது எப்படி?

ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் நிறை 19.3 கிராம். அதே அளவு படிகக்கல்லின் (குவார்ட்ஸ்) நிறை சுமார் 2.65 கிராம்தான். அதனால்தான் தட்டில் நீருடன் சுழற்றும்போது மணல் வெளியேறத் தங்கம் அடியில் தங்குகிறது. ஆயினும் மூன்று வழிகளில் தங்கம் தவறிவிடும்.

1. சல்லடையில் தங்கும் பெரிய கற்களை அள்ளி வீசிவிடுவர். படிகக்கல்லுக்குள் பொதிந்த தங்கமும், கரையாத களிமண் உருண்டைக்குள் இருக்கும் தங்கமும் அவற்றோடு போகும்.
2. ஆற்றின் அடிப்பாறையில் உள்ள வெடிப்புகளில் சிக்கிய தங்கம், மேல் மண்ணை மட்டும் அள்ளுவோருக்குக் கிடைக்காது.
3. மாவு போன்ற நுண்ணிய தங்கத்தூளை நீரோட்டம் மணலோடு அடித்துச் சென்றுவிடும்.

முதல் இரண்டு வகைகளுக்குத்தான் மெட்டல் டிடெக்டர் உதவும். மூன்றாவது வகைக்கு உதவாது.

கருவி வேலை செய்யும் விதம்

கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் ஓர் உலோகம் வந்தால், மின்காந்தத் தூண்டலால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அந்த மாற்றத்தைக் கருவி உணர்ந்து ஒலியாகத் தருகிறது. ஃபாரடேயின் தூண்டல் விதியே இதற்கு அடிப்படை. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் அமைந்த கருவியைப் பயன்படுத்தினார். குண்டு அகப்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி தங்கத்தை மட்டும் தனியே அறிவதில்லை. மின்சாரத்தைக் கடத்தும் எந்தப் பொருளுக்கும் அது ஒலிக்கும்.

அளவைப் பற்றிய ஒரு கணக்கு

ஒரு கிராம் தங்கத்தை உருண்டையாக்கினால் அதன் விட்டம் சுமார் 4.6 மில்லிமீட்டர், அதாவது ஒரு சிறு மிளகின் அளவு. நல்ல கருவி இதைச் சில அங்குல ஆழத்தில் காட்டிவிடும். இனி 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்கத்துகளை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. ஒரு கிராம் சேர ஏறத்தாழ 1,00,000 துகள்கள் வேண்டும். அவை மண்ணில் சிதறிக் கிடந்தால் ஒவ்வொரு துகளிலும் உண்டாகும் சுழல் மின்னோட்டம் மிகச் சிறியது. கருவி மௌனமாகவே இருக்கும். எனவே கருவி ஒலிக்காத மண்ணில் தங்கமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்த மண்ணில் ஒரு பகுதியை எடுத்துத் தட்டில் மறுபடி அரித்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. நகைப்பட்டறைத் தெருக்களில் மண்ணைக் கூட்டி அள்ளி நீரில் அரித்துப் பொன்துகள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் செய்வதும் இதைத்தான்.

சோதிக்கும் முறை

- ஒதுக்கிய கற்களை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். குவியலாக இருந்தால் அடியில் உள்ளது தெரியாது.
- அறிந்த பொருளொன்றைக் கொண்டு கருவியை முதலில் சோதிக்க வேண்டும். சிறு ஈயக் குண்டு இதற்கு ஏற்றது.
- அந்த இடத்து மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்து, தட்டைத் தரையை ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும்.
- ஒலி வந்த இடத்து மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, இரண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஒலிக்கும் பாதியை மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஐந்தாறு முறையில் பொருள் கைக்கு வந்துவிடும்.
- இரும்பைத் தவிர்க்கும் வசதியை மட்டும் நம்பக் கூடாது. மிகச் சிறிய தங்கத்தையும் அது இரும்பென்று ஒதுக்கிவிடக்கூடும்.

காந்தத் தன்மையுள்ள கருமணலும், இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணும், சில பாறைத் துண்டுகளும் பொய்யான ஒலியைத் தரும். இத்தகைய மண்ணில் துடிப்புத் தூண்டல் முறையில் இயங்கும் கருவிகள் மேலானவை, விலையும் அதிகம்.

ஆஸ்திரேலியாவும் கோலாரும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் என்னும் ஊர் 19-ஆம் நூற்றாண்டிலேயே தங்கம் தேடுவோர் தோண்டிய பகுதி. அங்கே 1980-இல் ஒருவர் மெட்டல் டிடெக்டரால் 27 கிலோகிராமுக்கு மேற்பட்ட தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார். ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ என்று பெயர் பெற்ற அக்கட்டி தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ ஓர் அடி ஆழத்தில்தான் இருந்தது. பெரிய கட்டிகள் இயற்கையாகக் கிடைக்கும் நிலத்தில் இக்கருவி எவ்வளவு பயன்படும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டு நிலை வேறு. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில் தங்கம் படிகக்கல் நரம்புகளுக்குள் நுண்ணியதாகப் பரவியிருந்தது. கல்லை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் கரைத்தே அதைப் பிரித்தெடுத்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சிய கழிவு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதிலும் தங்கம் உண்டு. ஆனால் ஒரு டன்னுக்கு ஒரு கிராமைவிடக் குறைவு. மொத்தமாகக் கணக்கிட்டால் பெரும் செல்வம். ஆனால் அந்த மேட்டின்மேல் எந்தக் கருவியைக் கொண்டு நடந்தாலும் தங்கத்துக்காக அது ஒலிக்காது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி

தென்னிந்தியாவின் முக்கியத் தங்கச் சுரங்கங்களான கோலாரும் ஹட்டியும் பழமையான பச்சைப்பாறைப் பட்டைகளில் அமைந்தவை. விழுப்புரம் மாவட்டத்தில் அத்தகைய பட்டை இல்லை. செஞ்சிப் பக்கம் கருங்கல் குன்றுகளும், கிழக்கே கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரைப் பக்கம் படிவுப் பாறைகளும் செம்மண்ணும் காணப்படுகின்றன. தென்பெண்ணைக்குப் பொன்னையாறு என்ற பெயரும் வழங்குகிறது. பெயரில் பொன் இருப்பது மணலில் பொன் இருப்பதற்குச் சான்றாகாது. இப்பகுதி வயல்களில் கருவி ஒலித்தால் பெரும்பாலும் கிடைப்பது ஆணி, லாடம், சோடா மூடி, கம்பித்துண்டு ஆகியவைதாம்.

இதை அறியாமல் பணம் இழப்போர் இருக்கிறார்கள். பல நூறு மீட்டர் தொலைவிலிருந்தே தங்கத்தைச் சுட்டும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் ‘ஆன்டெனா’ கருவிகளுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. சேமிப்பைக் கொடுத்தோ கடன் வாங்கியோ அதை வாங்குமுன், விற்பவர் கண்முன் ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரே மாதிரியான பத்துப் பெட்டிகளில் ஒன்றில் மட்டும், விற்பவர் பார்க்காதபோது, ஒரு மோதிரத்தை வைத்து மூடிவிட வேண்டும். எது என்று கருவி காட்டட்டும். ஒருமுறை தற்செயலாகச் சரியாகலாம் என்பதால், இடத்தை மாற்றி மாற்றிப் பத்துமுறை செய்ய வேண்டும்.

சட்டம் சொல்வது

- தங்கம் உள்ளிட்ட கனிமங்களை உரிமம் இன்றித் தேடுவதையும் எடுப்பதையும் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் தடை செய்கிறது. சொந்தப் பட்டா நிலம் என்பது உரிமத்துக்கு ஈடாகாது.
- மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.
- செஞ்சிக் கோட்டை, மண்டகப்பட்டுக் குடைவரை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். 1698-இல் முகலாயர் முற்றுகைக்குப் பின் வீழ்ந்த செஞ்சியில் ஓர் ஈயக்குண்டுகூட வரலாற்றுச் சான்றுதான். இருந்த இடத்தைவிட்டுப் பெயர்த்தால் அது எந்தக் காலத்தது, யாருடையது என்று அறியும் வழி போய்விடும்.

சுருக்கம்

மெட்டல் டிடெக்டர், அரிப்புத் தட்டு தவறவிட்ட பெரிய துண்டுகளைக் கண்டுபிடிக்கும் துணைக்கருவி. தங்கம் இருப்பதாக ஏற்கெனவே அறியப்பட்ட நிலத்தில், உரிமத்துடன் பணி செய்வோருக்கே அது பயன் தரும். ஒலித்ததெல்லாம் தங்கமும் அல்ல. ஒலிக்காத மண் வெறும் மண் என்றும் கொள்ள முடியாது.