குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் வழி இருக்கிறதா?

"மகன் கோட்டில குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டான். இனி ஒண்டும் செய்யேலாதோ, தம்பி?"

சட்டத்தரணியான என்னிடம் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. எட்டு வருடம் விளக்கமறியல். ஒப்புக்கொண்டால் இரண்டு வருடத்தோடு முடியும் என்று யாரோ சொல்ல, பொடியன் தலையாட்டியிருக்கிறான். கிடைத்தது பத்து வருடம். இதே கேள்வியோடு பல வீடுகள் இருப்பதால், அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பொலிஸில் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் வேறு, நீதிமன்றத்தில் "நான் குற்றவாளி" என்று சொல்வது வேறு. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததை 16ஆம் பிரிவின் கீழ் ஏற்கிறது. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் எதிரியின் தலையில்தான். அந்தத் தாளுக்குப் பயந்தே பலர் மன்றில் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் மேல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளும்போது, அதன் விளைவை எதிரி சரியாக விளங்கிக்கொண்டார் என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் பிடிக்கக்கூடிய கொப்பு இதுதான். குற்றப்பத்திரம் தமிழில் வாசிக்கப்பட்டதா? மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா? சட்டத்தரணி கூட நின்றாரா? பதில் வழக்கேட்டில் இருக்க வேண்டும். தண்டனை கூடிப்போச்சு என்ற கவலை மட்டும் போதாது.

மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள்தான். அது தவறினால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மீளாய்வு மனு. அதற்கு நாள் கணக்கு இல்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், விசேட சூழ்நிலையையும் காட்ட வேண்டும். அது உரிமை அல்ல, நீதிமன்றத்தின் தற்றுணிபு.

கதவு எவ்வளவு ஒடுக்கம் என்பதற்குச் சிங்கராசா வழக்கு சாட்சி. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை; வாக்குமூலத்தை எதிர்த்தார். அப்படியிருந்தும் 1995இல் 50 வருடம், பிறகு மேன்முறையீட்டில் 35. வெளி மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்த வாக்குமூலம் பெறப்பட்டதையும் சுட்டிக்காட்டி, நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. அதை வைத்துக்கொண்டு போனபோது, 2006இல் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

இன்னொன்றையும் அந்தத் தாயிடம் மறைக்கவில்லை. மனு வென்றாலும் வழக்கு திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம், அந்த வாக்குமூலத் தாளோடேயே. மகனைக் கேட்காமல் ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன்.

அவர் இப்போது வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.