இணைப்பானின் உலோகத்தை மாற்றினால் காப்புரிமை கிடைக்குமா?

பெங்களூரு: மின் இணைப்பானின் வடிவத்தை மாற்றாமல், அதன் உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ மட்டும் மாற்றிவிட்டுப் புதிய கண்டுபிடிப்பு என்று உரிமை கோர முடியுமா? மின்னணு, விமானவியல், மின்வாகன நிறுவனங்கள் நிறைந்த பெங்களூருவில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. இந்நகரின் ஏதர் எனர்ஜி நிறுவனம் உருவாக்கிய மின் இருசக்கர வாகன சார்ஜிங் இணைப்பான், 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. காப்புரிமை வழங்கப்பட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் அந்த அமைப்பை அனுமதியின்றித் தயாரிக்க இயலாது. அதிலுள்ள உலோகம் கடையில் எவரும் வாங்கக்கூடியதாக இருந்தாலும் நிலை இதுவே.

கர்நாடக விண்ணப்பதாரர்கள் சென்னை காப்புரிமை அலுவலகத்தின் வரம்புக்குள் வருகின்றனர். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின்படி, கண்டுபிடிப்பில் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அத்துடன், அத்துறையில் தேர்ந்தவருக்கு அது வெளிப்படையானதாகத் தோன்றக் கூடாது. பெரும்பாலான சர்ச்சைகள் இந்த இரண்டாவது நிபந்தனையைச் சுற்றியே எழுகின்றன.

இதற்கு முன்னோடி வழக்கு 1851-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. மரத்திலும் உலோகத்திலும் செய்யப்பட்டுவந்த கதவுக் குமிழைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்ததற்குக் காப்புரிமை கிடையாது. அது திறமையான கைவினைஞரின் வேலை என்று நீதிமன்றம் கூறியது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1978-இல், பாத்திரங்களைக் கடைசலுக்காகப் பிடித்து நிறுத்தும் கருவி தொடர்பான விஸ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறை அளவிலான மேம்பாடு மட்டும் போதாது என்று கூறிக் காப்புரிமையை ஏற்க மறுத்தது.

இணைப்பானுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பாஸ்பர் வெண்கலத்துக்குப் பதிலாகப் பெரிலியம் செம்பைப் பயன்படுத்தினால் தொடுமுனையின் மீள்விசை கூடும், விலையும் கூடும். தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் அடுக்கு இருந்தால், செம்பு மேற்பரப்புக்கு ஊடுருவுவது தடுக்கப்படும். இவையெல்லாம் பொறியாளர்கள் அறிந்த பாடநூல் செய்திகள். தெரிந்த பண்புக்காகத் தெரிந்த பொருளைத் தேர்ந்தெடுத்தேன் என்ற வாதம் எளிதில் நிற்காது.

எதிர்பாராத விளைவு இருந்தால் நிலைமை மாறும். வெள்ளீய முலாம் பூசிய தொடுமுனை, வாகன அதிர்வின் நுண்ணிய அசைவுகளால் தேயும். ஆக்சைடு துகள்கள் சேர்ந்து மின்தடை உயரும். பலரும் பயனற்றதென ஒதுக்கிய ஒரு முலாம் இக்குறையை நீக்குவதாகச் சோதனைத் தரவு காட்டினால், அதை எளிதில் வெளிப்படையானது எனத் தள்ளிவிட இயலாது. விடை தெரிந்த பிறகு எந்தக் கணக்கும் எளிதாகவே தோன்றும் என்பதை எதிர்ப்பாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். வழங்கியது வெளியிடப்பட்ட பின், தொடர்புடைய தரப்பினருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், மேல்முறையீடுகள் இப்போது உயர் நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன. அங்கே முதலில் புரட்டப்படுவது விண்ணப்பத்துடன் அளித்த விவரக்குறிப்புதான். பழைய பொருளுடன் ஒப்பிட்ட சோதனை அட்டவணை அதில் இல்லையெனில், பின்னாளில் அந்தக் குறையை ஈடுகட்டுவது கடினம்.