சுதந்திரம் கிடைத்தது, வேலை போனது!

தாராளவாதம், சமதர்மம் என்றெல்லாம் படிக்கும்போது, 'இதெல்லாம் படிச்சவங்க பேச்சு, மரம் வெட்டுற நமக்கு எதுக்கு?' என்று நம்மில் சிலருக்குத் தோன்றலாம். 1848-இல் பாரிஸ் தொழிலாளிகளுக்கு அது வயிற்றுப்பாட்டு விவகாரமாகவே இருந்தது.

அப்போது பிரான்சை ஆண்டவர் லூயி பிலிப் மன்னர். ஆண்டுக்கு 200 பிராங்கு நேர்முக வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. மூன்றரைக் கோடி ஜனங்களில் ஓட்டுரிமை இருந்தது ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேருக்கு மட்டுமே! பிப்ரவரியில் கடைக்காரரும் கூலிக்காரரும் சேர்ந்தே தெருவில் இறங்கினார்கள். 24-ஆம் தேதி மன்னர் முடி துறந்தார், குடியரசு பிறந்தது.

இரு தரப்பும் முழங்கியது சுதந்திரம் என்றுதான். தாராளவாதிகளுக்கு அதன் பொருள் ஓட்டு, பத்திரிகை, சொத்து, வியாபாரம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே சர்க்கார் தலையிடக்கூடாது என்றார்கள். லூயி பிளாங் போன்ற சமதர்மவாதிகளோ, வேலை கொடுப்பதே அரசின் கடமை என்றார்கள். நமக்கு இது சட்டென்று புரிகிறது. தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் சேர்ந்தே போனதைப் பார்த்தவர்களல்லவா நாம்!

தொழிலாளர் நெருக்கவே, அரசு தேசியப் பட்டறைகளைத் திறந்தது. வேலை நாளில் 2 பிராங்கு கூலி, வேலையில்லாத நாளில் அதற்கும் குறைவு. பாரிசில் வேலை நேரம் 10 மணியாகக் குறைந்தது. ஜூனுக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் பெயர் பதிந்துவிட்டார்கள். கொடுக்கத்தான் வேலை இல்லை. தச்சனும் மண்தான் வெட்டினான், நகைத் தொழிலாளியும் மண்தான் வெட்டினான். இதற்கிடையே நேர்முக வரி பிராங்குக்கு 45 சாந்தீம் ஏறியது. 'பட்டணத்துச் சோம்பேறிகளுக்கு நாங்க ஏன் அழணும்?' என்று கிராமத்து விவசாயி கொதித்தான். ஏழையை ஏழைக்கு எதிரியாக்கியது இந்த வரிதான்.

ஏப்ரலில் 21 வயதான ஆண்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள். (பெண்களுக்கு அப்போதும் இல்லை.) மிதவாதிகளும் பழைமைவாதிகளுமே பெருவாரியாக வென்றார்கள். ஜூன் 21-இல் உத்தரவு வந்தது: பட்டறையிலுள்ள 18 முதல் 25 வயதுவரை மணமாகாதவர்கள் பட்டாளத்தில் சேரணும், மற்றவர்கள் வெளியூர் போகத் தயாராகணும்.

23-ஆம் தேதி தெருவெல்லாம் தடுப்புகள் எழுந்தன. நான்கு நாள் சண்டை. ஜெனரல் கவேஞ்ஞாக் பீரங்கி வைத்து அடக்கினார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். செப்டம்பரில் ஆலை வேலை நேரத்துக்கு 12 மணி என்று சட்டம் வந்தது.

டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். அதே கவேஞ்ஞாக் ஓட்டுக் கேட்டு நின்றார். சுட்டவருக்கா ஓட்டு? தொழிலாளிகள் பலரும், வரியில் வெந்த விவசாயிகளும் எதிரே நின்ற லூயி நெப்போலியனுக்கே போட்டார்கள். 1851-இல் அவர் சட்டமன்றத்தைக் கலைத்தார். மறு ஆண்டு பேரரசராகவே ஆகிவிட்டார்.