மனைவி என்ற உரிமையின் விலை

பணம் பெற்று ஆடவருக்குத் துணையாகச் செல்லும் பெண்ணின் மனத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க நெறியாளர் ஷோன் பேக்கர் சிறு செலவில் எடுத்து, 2025இல் ஐந்து ஒஸ்கார் பரிசுகளை வென்ற 'அனோரா' நம்மை எண்ண வைக்கின்றது. இது சிறுவர்க்குரிய படமன்று.

நியூயோர்க் நடன விடுதிப் பெண்ணான அனோராவை, ரஷ்யச் செல்வந்தரின் மகன் ஒரு வாரத்துக்கு 15,000 டொலர் பேசி அழைக்கின்றான். லாஸ் வேகாஸில் மணமும் புரிகின்றான். செய்தியறிந்த பெற்றோர் ஆட்களை ஏவ, அவளை விட்டு ஓடிவிடுகின்றான். மணத்தை ரத்துச் செய்ய இணங்கினால் அவளுக்கு 10,000 டொலர் தருவார்களாம்! ஒரு வாரத் துணைக்குத் தந்ததிலும் மனைவியின் உரிமைக்கு மதிப்புக் குறைவு. அவளோ, தான் மனைவியே என்று போராடித் தோற்கின்றாள்.

மகன் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று சொன்னவன், அவர்களுடைய கூலியாள் ஒருவனே.