பேர் பாத்சா, இருப்பது மரக்குடிசை!

போலந்து நாட்டின் தென்கோடியில் தாத்ரா மலை இருக்கிறது. அதன் அடிவாரச் சீமை பொத்ஹாலே. அங்குள்ள மலை மக்களுக்கு ‘குராலே’ என்று பெயர். ஆடு வளர்ப்பது பரம்பரைத் தொழில்.

மே மாதம் மந்தை மலையேறும். தலைமை மேய்ப்பரை ‘பாத்சா’ என்பார்கள். பேர்தான் பாத்சா; குடியிருப்பதோ மரக்குடிசை! ஆட்டுப்பாலைத் திரித்து, பிழிந்து, சித்திரம் செதுக்கிய மர அச்சில் அழுத்துவார். உப்புநீரில் ஊறவைத்து, பல நாள் புகையில் வாட்டுவார். பொன்னிறமான ‘ஒஸ்சிபெக்’ பாலாடைக்கட்டி தயார்! 2008-ல் ஐரோப்பிய யூனியன் இந்தப் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

நடுவில் ஓர் ஆபத்தும் வந்தது. 1954-ல் மலையைத் தேசியப் பூங்காவாக்க உத்தரவு பிறந்தது. ஆடுகள் காட்டை அழிக்கின்றன என்று, பிறகு மந்தைகளை வெளியேற்றினார்கள். நடந்தது என்ன? புல்வெளியில் மரம் மண்டியது. குங்குமப்பூ இனத்து ஊதாப் பூக்கள் குறைந்தன.

1980-களில் ஆடுகளை மீண்டும் விட்டார்கள், அளவோடுதான். பனி உருகியதும் அந்தப் பூக்களைப் பார்க்க இப்போது கூட்டம் அலைமோதுகிறது.