பொட்டலில் ஒரு திருவிழா

காரைக்குடியில் கொப்புடையம்மனுக்குத் திருவிழா வருஷம் தவறாமல் வரும். இன்னொரு திருவிழாவும் உண்டு. அது தேர்தல் வந்தால்தான் வரும். முதல் திருவிழாவில் அம்மன் தேரில் எழுந்தருளி நமக்குத் தரிசனம் கொடுக்கிறாள். இரண்டாவதில் அபேட்சகர் திறந்த ஜீப்பில் எழுந்தருளி, நம்மைத் தரிசித்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்!

சகோதரி, நீங்கள் தேர்தல் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? "அந்தக் கும்பலில் பொம்பளைகளுக்கு என்ன வேலை?" என்று யாராவது தடுத்திருந்தால், ஒரு நல்ல வேடிக்கையைத் தவறவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்று ஒரு மைதானம் இருக்கிறது. விஜயதசமியன்று அம்பு எய்யும் மகர்நோன்பை ஒட்டி வந்த பெயர் அது. தேர்தல் சமயத்தில் இப்படிப்பட்ட பொட்டல்களில் எய்யப்படுபவை சொல் அம்புகள். குறி மட்டும் எப்போதும் எதிர்க்கட்சிதான்!

கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் சொல்லும். ஆறு மணிக்குப் பொட்டலில் இருப்பவர்கள் மூன்றே பேர்: ஒலிபெருக்கிக்காரர், சுண்டல்காரர், வேடிக்கை பார்க்க வந்த ஒரு பையன். ஏழு மணிக்கு விளக்குகள் எரியும். பாட்டு ஊரைத் தூக்கும். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டவை அல்லவா? அந்தப் பாட்டு முகப்பில் நுழைந்து, வளவைக் கடந்து, அடுப்படி வரைக்கும் போய் அழைத்துவிடும்.

"ஆச்சி, இன்னைக்கு யாரு பேசுறாக?"

"யாரு பேசுனா என்ன? வாங்க, போயிட்டு வருவோம். வீட்டுல இருந்து என்ன செய்யப் போறோம்?"

இந்தப் பதிலில்தான் பொதுக்கூட்டத்தின் ரகசியமே இருக்கிறது. வீட்டில் தனியாக இருந்தால் நாம் ஒருவர். பொட்டலில் நாம் ஆயிரம் பேர். பேச்சாளர் ஒரு வார்த்தையை நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வார்த்தையை வீசும்போது ஆயிரம் கைகள் ஒன்றாகத் தட்டுகின்றன. நம்முடைய கைகளும் நம்மைக் கேட்காமலே தட்டிவிடுகின்றன! அரிசி விலையும் தண்ணீர்க் கஷ்டமும் நம் வீட்டுக்கு மட்டும் உள்ளவை அல்ல, பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத அம்மாளுக்கும் உள்ளவைதான் என்று அங்கேதான் தெரிகிறது. இந்த உற்சாகம் பொய்யல்ல. ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு.

காரைக்குடிக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது திருக்கோஷ்டியூர். குரு காதோடு சொன்ன மந்திரத்தை ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் என்று சொல்லப்படும் திவ்ய தேசம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அதைவிடப் பெரிய பொதுக்கூட்டம் ஏது?

அந்தத் திருக்கோஷ்டியூர்த் தொகுதியில் 1957ஆம் வருஷம் தேர்தலுக்கு நின்றவர் கவிஞர் கண்ணதாசன். சிறுகூடல்பட்டியில் பிறந்த செட்டிநாட்டுப் பிள்ளை. வயது முப்பதுகூட நிரம்பவில்லை. 1953இல் கல்லக்குடிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். அதற்கு முந்தின வருஷந்தான், 1956இல், அவர் வசனம் எழுதிய 'மதுரை வீரன்' படம் கொட்டகைகளை நிரப்பியிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலில் இறங்கியதும் அதுவே முதல் தடவை. சொந்த ஊர்ப்பக்கம், சினிமாப் புகழ், செந்தமிழ்ப் பேச்சு, புதுக்கட்சியின் வேகம்! இன்னும் என்ன வேண்டும்?

ஓட்டு வேண்டும். அதுதான் போதுமான அளவு கிடைக்கவில்லை. கவிஞர் தோற்றுப் போனார்.

அந்தக் காலத்து ஓட்டுப் போடும் முறையை இன்றைய பெண்களுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். 1952இலும் 1957இலும் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள் போய், பிடித்தவருடைய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அங்கே ஒலிபெருக்கி இல்லை, கைதட்டல் இல்லை, அடுக்குமொழி இல்லை. நாமும் பெட்டிகளுந்தான். சினிமாக் கொட்டகையில் வசனத்துக்குத் தட்டின கைதான் சீட்டையும் போட்டது. ஆனால் தட்டின கை வேறு, போட்ட கை வேறு என்பதுபோல் ஆகிவிட்டது!

கவிஞருக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. பேச்சினாலேயே பொட்டல்களை நிரப்பிய அண்ணா, 1962இல் தம் சொந்தக் காஞ்சீபுரத்திலேயே தோற்றார். ஒன்பது வருஷ காலம் முதலமைச்சராக இருந்த காமராஜர், 1967இல் சொந்த விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில், குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆர்., மேடை ஏறிப் பேசாமலே பரங்கிமலையில் ஜெயித்தார். 2009இல் நம்முடைய சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை 3,354 வாக்குகள். ஒரு பெரிய கூட்டத்தின் ஒரு மூலையில் நிற்கும் ஜனங்கள்!

அதனால் சகோதரி, கூட்டத்துக்குப் போங்கள். ஆனால் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். பேச்சாளர் என்ன சொன்னார் என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் கவனியுங்கள். உங்கள் தெருக் குழாயைப் பற்றிச் சொன்னாரா? பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாரா? அல்லது எதிர்க்கட்சிக்காரரின் பாட்டனாரைப் பற்றி மட்டுந்தான் சொன்னாரா? எதிர்க்கட்சி கூட்டம் போட்டால் அதற்கும் ஒரு நடை போய் வாருங்கள். புடவைக் கடையில் ஒரே கடையோடு நின்றுவிடுகிறோமா என்ன?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது விளையாட்டுப் பேச்சல்ல. 2025 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு கரூரில் ஒரு பிரசாரக் கூட்டத்து நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. பல மணி நேரம் காத்திருந்த கூட்டம் அது. தலைவரைப் பார்க்க ஆசைப்பட்டு, குழந்தையையும் தூக்கிக் கொண்டு புறப்பட்ட தாயாரை யார் குறை சொல்ல முடியும்? திருவிழாவுக்குப் போவது போலத்தானே போனார்கள்! அந்த வீடுகளின் துயரத்தை நினைத்தால், உற்சாகத்தைப் பற்றி எழுதும் பேனா தயங்கத்தான் செய்கிறது.

கைக்குழந்தையை நெருக்கமான கூட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். மேடைக்கு முன்னால் முண்டியடிக்காமல் ஓரமாக, வெளியே போகும் வழி தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். தண்ணீர் எடுத்துக் கொள்ளுங்கள். பெருங்கூட்டம் ஒரே பக்கமாகத் தள்ளத் தொடங்கினால், தலைவரின் முகத்தைவிட வீட்டில் காத்திருக்கும் முகங்கள் பெரிது என்று திரும்பிவிடுங்கள். பேச்சு எங்கேயும் போய்விடாது. மறுநாள் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வந்துவிடும்.

நள்ளிரவு தாண்டியும் பேச்சு நடந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம். வாக்குப் பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரம் பிரசாரமே கூடாது. பாட்டும் பேச்சும் ஓய்ந்த அந்த இரண்டு நாள் நிசப்தம் நமக்காகவே ஏற்பட்டது. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக் கொண்டே யோசித்து முடிவு செய்வதற்கு அது போதும்.

ஓட்டு நமக்குச் சுலபமாகக் கிடைத்த சீதனமல்ல. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தபோது சொத்துள்ள சிலருக்குத்தான் அது கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னார் மனைவி', 'இன்னார் தாயார்' என்றே பதிந்தார்களாம். சொந்தப் பெயர் இல்லாமல் ஓட்டில்லை என்று, ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நம் பெயர் பட்டியலில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். பொட்டலில் நாம் ஆயிரத்தில் ஒருத்தி. வாக்குச் சாவடியின் மறைப்புக்குள் நாம் ஒருத்திதான். யந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும், நாம் தேர்ந்த சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிகிறது. மூன்று மணி நேரம் கேட்ட பேச்சுக்கு நாம் சொல்லும் பதில் அந்த ஏழு விநாடிதான். கைதட்டலை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்; ஓட்டை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும்.